பந்தியில் கையைப் பிடிப்பது எது?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

'பண்டிகை விருந்தில் விசுவாசியின் உடம்பைக் காப்பது கட்டுப்பாடா, நன்றியா?' இதுதான் தலைப்பு. கட்டுப்பாடேதான் என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் முழங்கிவிட்டுப் போனார், நானோ நன்றியின் பக்கம். சின்னத் தட்டாக எடு, இனிப்பு வைத்த மேஜைப் பக்கம் போகாதே, கலோரியை எண்ணு என்றார். எண்ணலாம், தப்பில்லை. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4. ஆனால் கிறிஸ்துமஸ் விருந்தில் மனசுக்குள் கூட்டல் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா? அவரும் ருசிக்க மாட்டார், நம்மையும் ருசிக்க விடமாட்டார்.

நானும் அந்தக் கணக்குக் கட்சியில் பல வருஷம் இருந்தவன்தான். மதியம் விருந்து என்றால் காலையில் பட்டினி, அதுதான் என் கட்டுப்பாடு. மதியம் பந்தியில் உட்காரும்போது பசி கண்ணை மறைக்கும், எது முதலில் வந்தது எது பிறகு வந்தது என்றே தெரியாமல் உள்ளே போகும். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகுமாம். நான் 10 நிமிஷத்தில் இரண்டாவது தட்டை முடித்திருப்பேன். சாயங்காலம் சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, நாளையிலிருந்து கட்டுப்பாடு என்று சபதம் எடுப்பேன். நடுவர் அவர்களே, அந்த நாளை இன்னும் வரவில்லை.

சரி, நன்றி என்கிறாயே, எல்லோரும்தான் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுகிறோம் என்று எதிரணி கேட்கும். நல்ல கேள்வி. நம் ஜெபத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போமா? பெரியவர் ஒருவர் ஜெபத்தைத் தொடங்குகிறார். சமைத்த கைகளை ஆசீர்வதிக்கிறார், அப்புறம் உலக சமாதானத்துக்குப் போகிறார், திரும்பி வர மாட்டேன் என்கிறார். நமக்கு ஒரு கண் மெதுவாகத் திறக்கிறது, எதிரே இருக்கும் இறைச்சியில் பெரிய துண்டு எது என்று குறித்து வைத்துக்கொண்டு மூடிக்கொள்கிறது. ஆமென் சொன்ன மறு நொடி கை அங்கே இருக்கிறது. இதற்குப் பெயர் நன்றி இல்லை, ஓட்டப் பந்தயத்துக்கு விசில்.

ஆனால் வேதாகமத்தில் உபாகமம் 8:10 என்ன சொல்கிறது? புசித்துத் திருப்தியடைந்திருக்கும்போது கர்த்தரை ஸ்தோத்திரி என்கிறது. சாப்பிட்ட பிறகு! முதல் ஜெபத்தைப் பசியே பண்ணிவிடும், இரண்டாவது ஜெபத்தைத்தான் மனுஷன் பண்ண வேண்டும். மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, ஏப்பத்துக்கு நடுவில் ஸ்தோத்திரம் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும். எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்ற நினைவு இருந்தாலே கை ஒரு கரண்டிக்கு முன்னால் நின்றுவிடும்.

இச்சையடக்கம் பரிசுத்த ஆவியின் கனிகளில் ஒன்றல்லவா என்று, அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தை நண்பர் எடுத்துக் காட்டினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரிசையில் அது ஒன்பதாவது, சந்தோஷம் இரண்டாவது. பவுல் அதைக் கனி என்றுதான் சொன்னார், விதை என்று சொல்லவில்லை. 'தொடாதே, ருசிபாராதே' என்று சட்டம் போடுவதால் மாம்ச இச்சை அடங்கிவிடாது என்று கொலோசெயரிடம் சொன்னவரும் அதே பவுல்தான்.

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் நடந்த வனாந்தரத்துக்கு வாருங்கள். அவர்களுக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவைக் கொடுத்த தேவனே அளவையும் சொல்லிக் கொடுத்தார், தலைக்கு ஒரு ஓமர் என்ற படி. அதன் ருசியோ தேன் கலந்த பணியாரத்தின் ருசி. அப்படிப்பட்டதையே, இதைத் தவிர வேறு ஒன்றுமில்லையா என்று அலுத்துக்கொண்டார்கள். இறைச்சி கேட்டு அழுதார்கள், காடை வந்து விழுந்தது. எண்ணாகமம் 11-ஐ மெதுவாக வாசியுங்கள். அன்று பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, மறுநாள் பகலும் முழுக்கச் சேர்த்தார்கள். தூங்காமல்! அவ்வளவு நேரத்தில் ஒருவராவது நன்றி சொன்னதாக அந்த அதிகாரத்தில் ஒரு வரி கிடையாது. இறைச்சி பல்லில் இருக்கும்போதே வாதை வந்தது. அந்த இடத்துக்கு கிப்ரோத் அத்தாவா, அதாவது இச்சையின் கல்லறைகள் என்று பெயர் வந்தது. அவர்களுக்கு அளவு தெரியாமலா இருந்தது? மன்னாவைத்தான் தினமும் அளந்தார்களே! அளவுக்குக் குறைவில்லை, இல்லாமல் போனது நன்றி.

இன்னொன்று. நன்றி இருக்கிறவன் தட்டு தன் முன்னால் மட்டும் நிற்காது. நெகேமியா காலத்தில் தேவனுடைய சட்டமாகிய நியாயப்பிரமாணத்தைக் கேட்டு ஜனங்கள் அழுதபோது, தலைவர்கள் அழாதீர்கள், போய்க் கொழுமையானதைப் புசியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றுதான் சொன்னார்கள். பட்டினி கிடங்கள் என்று சொல்லவில்லை. பங்கை முதலில் எடுத்து வைத்துப் பாருங்கள், பாத்திரத்தில் மிச்சம் இருப்பதைப் பார்த்தாலே நம் கரண்டி தானாகச் சிறுத்துவிடும். பவுல் காலத்துக் கொரிந்து சபையில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறித்திருந்தான், அதுவும் கர்த்தருடைய பந்தியில்.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அளவை நான் எதிர்க்கவில்லை, அதை மீறச் சொல்லி என் பேச்சைக் காரணம் காட்டாதீர்கள். அந்த அளவைக்கூட, இந்த உடம்பு கொடுக்கப்பட்டது என்று நினைக்கிறவர்தான் முகம் சுளிக்காமல் கடைப்பிடிப்பார். மற்றவர் டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறாரா என்று விசாரிப்பார்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். எதிரணி நண்பரே, இன்று மதியம் பந்தியில் நீங்கள் எனக்கு எதிரில்தான் உட்காரப்போகிறீர்கள். சாப்பிட்டு முடித்த பிறகு ஜெபம் பண்ண உங்களைத்தான் எழுப்பப்போகிறேன்.