காரணம் சொன்ன குடியரசுத் தலைவர்

கூட்டத்தின் தலைவர், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே! என்னை அழைத்துவிட்டு, "இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது" என்று காதோடு சொல்லியும் வைத்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே! கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, கேட்ட மாத்திரத்தில் மண்டபத்தை வாடகையில்லாமல் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே! பின்னால் நிற்கும் தம்பிகளே, முன்வரிசை காலியாகத்தான் கிடக்கிறது, வந்து உட்காருங்கள்.

நீதிபதி ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் தீர்ப்பு வாசித்தால் தோற்றவனும் தலையாட்டிக்கொண்டு போவான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். எதனால் தோற்றோம் என்பது அவனுக்கு விளங்கியிருக்குமாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கே.ஆர். நாராயணன் போட்ட பாதையும் இன்றைய குடியரசுத் தலைவர்களும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அவர் நின்ற வரிசை. இரண்டு, அவர் திருப்பி அனுப்பிய கோப்பு. மூன்று, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கிளின்டனுக்கு அளித்த விருந்தில் அவர் பேசிய பேச்சு.

கோட்டயம் மாவட்டம் உழவூரில் ஓலைக்குடிசையில் பிறந்தவர் நாராயணன். கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பிள்ளை. அந்தப் பிள்ளைதான் லண்டன் போய் அரசியல் பேராசிரியர் லாஸ்கியிடம் படித்து, தூதராகி, 1997 ஜூலை 25 அன்று நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றது. என் பாட்டி அடிக்கடி சொல்வார்: "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்." ஆனால் அந்தப் பதவிக்கு வாயே கிடையாது, வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்பதுதான் ஊரார் பேச்சு.

வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் பொதுத்தேர்தலில் வாக்களிப்பதில்லை, அதுதான் நடுநிலை என்பது பழைய வழக்கம். 1998இல் நாராயணன் அதை உடைத்தார். மனைவி உஷாவுடன் வாக்குச்சாவடிக்குப் போய், எல்லாரையும்போல வரிசையில் நின்றார். 2019இல் ராம்நாத் கோவிந்தும் 2024இல் திரௌபதி முர்முவும் குடியரசுத் தலைவர் மாளிகை வளாகப் பள்ளியில் வாக்களித்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். இன்று அதில் யாருக்கும் வியப்பில்லை. அதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?

இனி கோப்புக்கு வருகிறேன். 1997 அக்டோபர். உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் மைக்குகளைப் பிடுங்கி உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்க ஆளுநர் எழுதினார், பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவையும் அப்படியே பரிந்துரைத்தது. நாராயணன் கையெழுத்திடவில்லை. மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அந்த யோசனையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு பிகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்க வாஜ்பாய் அரசு பரிந்துரைத்தபோதும் அதே பதில்தான். முதல் முறை காப்பாற்றியது பா.ஜ.க. முதல்வரை, இரண்டாம் முறை பா.ஜ.க.வின் எதிரணியான லாலு வீட்டு முதல்வரை. கட்சி பார்த்தார் என்று யார் சொல்ல முடியும்?

இந்த அதிகாரம் அவர் கற்பித்துக்கொண்டதல்ல. 1978இன் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொடுத்தது. ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அமைச்சரவை மறுபடியும் அதையே சொன்னால் ஏற்கத்தான் வேண்டும். அந்த ஒருமுறையை அவர் வீணாக்கவில்லை. என்னைக் கேட்டால் அதிலும் பெரியது இன்னொன்று. 1998இல் வாஜ்பாயை ஆட்சியமைக்க அழைத்தபோது, என்ன பார்த்து, யாரிடம் கடிதம் கேட்டு, எதனால் அழைத்தேன் என்று அறிக்கை வெளியிட்டார். முடிவோடு காரணமும் மக்களிடம் வந்து சேர்ந்தது.

அடுத்து வந்த கலாம் நம் வீட்டுப் பிள்ளை. எம்.பி.க்கள் ஆதாயம் தரும் பதவிகள் வகிப்பது குறித்த மசோதாவை 2006இல் திருப்பி அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு பிகார் சட்டமன்றக் கலைப்புக்கு மாஸ்கோவிலிருந்தே கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நம் பிள்ளை என்பதற்காக இதை மறைக்க முடியாது. 2025இல் முர்மு, மாநிலச் சட்டமன்றங்கள் நிறைவேற்றும் மசோதாக்களுக்கு ஆளுநரும் குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தருவது பற்றி 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அமைச்சரவை சொல்லி அனுப்பியவைதான். யாருக்குச் சாதகம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மசோதாக்கள் ஏன் கிடப்பில் கிடந்தன என்பதற்கு ஒரு பக்கக் காரணம் வந்திருந்தால், அத்தனை கேள்விக்கும் வேலை இருந்திருக்குமா?

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். கணவர் இல்லை, இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தவர், கண் மங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டார். உதவித்தொகைக்கு மனுப் போட்டார். நான்கு மாதம் கழித்து ஒரு சீட்டு வந்தது: "தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டது." இரண்டே சொல். அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, "தம்பி, எனக்கு என்ன தகுதி இல்லையாம்?" என்றார். நான் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர், தண்ணீர்கூடக் கொடுத்தார். காரணம் மட்டும் தரவில்லை. "மேலே கேளுங்கள்" என்றார். மேலே போனால் "கீழேதான் இருக்கும்" என்றார்கள். மாடிப்படி மட்டும் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது! வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அல்லவா? பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. ரேஷன் கார்டில் மகன் பெயர் இருக்கிறதாம். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதாம். மகன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. "ஏனம்மா பெயரை எடுக்கவில்லை?" என்று கேட்டேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதிலாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்."

இறப்புச் சான்றிதழை வைத்தோம். இரண்டே நடையில் வேலை முடிந்தது. காரணத்தை முதல் சீட்டிலேயே எழுதியிருந்தால் அந்த அம்மாள் அத்தனை மாதம் அலைந்திருக்க வேண்டாம்.

ஒரு முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவே சொல்கிறது. ராஷ்டிரபதி பவனே காரணம் எழுதியது என்றால், நம் ஊர் ஜன்னலுக்கு என்ன வந்தது? அதனால்தான், நிராகரிக்கும் ஒவ்வொரு மனுவிலும் காரணத்தைத் தமிழில், முழு வாக்கியத்தில் எழுத வேண்டும் என்று கோரி நாங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். நீதிபதி ஐயாவை ஏன் நினைவில் வைக்கச் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

தலைவர் மணியடித்துவிட்டார். கிளின்டன் விருந்து இன்னொரு நாளைக்கு. வாசலில் மேசை போட்டிருக்கிறோம், பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். வரிசையில் வாருங்கள். முதல் கையெழுத்து அந்த மூதாட்டியுடையது. கொஞ்சம் கோணலாக இருக்கும்.