இரு கொடிகளின் கீழ் செரோக்கி வீரர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும், அடிமை முறையை முன்னிட்டு 1861 முதல் 1865 வரை வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டதே நம் நினைவுக்கு வரும். அந்தப் போரின் போர்வையில், செவ்விந்தியரான செரோக்கி இனத்தார் தங்கள் பழைய பகையையும் தீர்த்துக்கொண்டார்கள் என்பது பலரும் அறியாத செய்தி.

அந்தப் பகைக்கு வித்திட்டது 1835ஆம் ஆண்டின் நியூ எக்கோட்டா ஒப்பந்தம். முதன்மைத் தலைவர் ஜான் ராஸின் சம்மதமின்றி, இன்னொரு செரோக்கித் தலைவரான மேஜர் ரிட்ஜைச் சேர்ந்த சிறு குழுவினர் தாயக நிலத்தை அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்தனர். அதைக் காரணம் காட்டியே, மறுத்து நின்ற பெரும்பான்மை மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பழியாக 1839 ஜூன் மாதத்தில் ரிட்ஜும், அவருடைய மகனும், உறவினர் இலியாஸ் பூடினோவும் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர் பூடினோவின் தம்பி ஸ்டாண்ட் வாட்டி.

போர் மூண்டபோது ராஸ் நடுநிலையையே விரும்பினார். ஆனால் வடக்கின் படைகள் அப்பகுதியிலிருந்து விலகிவிட, அண்டை மாநிலங்கள் தெற்கின் பக்கம் சாய்ந்திருக்க, 1861 அக்டோபரில் அவர் தென் மாநிலக் கூட்டமைப்புடன் உடன்படிக்கை செய்துகொண்டார். ராஸும் அடிமைகளை வைத்திருந்தவர்தான் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

வாட்டி ஒரு படைப்பிரிவுக்கும், ராஸின் ஆதரவாளர் ஜான் ட்ரூ இன்னொன்றுக்கும் தலைமை ஏற்றனர். ட்ரூவின் வீரர்களில் பலர், செரோக்கி மரபைப் பேணி அடிமை முறையை எதிர்த்த கீட்டூவா சங்கத்தார். சட்டையில் இரண்டு ஊசிகளைக் குறுக்காகக் குத்திக்கொள்வது அவர்களது அடையாளம். வடக்கை ஆதரித்த க்ரீக் இனத் தலைவர் ஓபோத்லேயஹோலாவைத் தாக்க அவ்வாண்டு டிசம்பரில் அனுப்பப்பட்டபோது, சண்டைக்கு முந்தைய இரவே அவர்களில் பெரும்பாலோர் முகாமை விட்டு நழுவினர். சிலர் எதிரணியிலேயே சேர்ந்துகொண்டனர். 1862 கோடையில் அந்தப் படைப்பிரிவின் பெரும்பகுதி வடக்கின் சீருடைக்கு மாறிவிட்டது. அதன்பின் செரோக்கியரைச் செரோக்கியரே சுட்டார்கள். 1863 பிப்ரவரியில் ராஸ் தரப்பு மன்றம் தெற்குடனான உடன்படிக்கையை ரத்து செய்து, அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வாட்டி, தலைநகர் டாலக்வாவின் மன்றக் கட்டடத்தையும் ராஸின் மாளிகையையும் எரித்தார்.

குதிரைப்படையைக் கொண்டு திடீர்த் தாக்குதல் நடத்துவதில் வாட்டி வல்லவர். 1864 ஜூனில் அர்கன்சாஸ் ஆற்றில் ஜே. ஆர். வில்லியம்ஸ் என்ற நீராவிப் படகைப் பீரங்கியால் சுட்டுப் பிடித்தார். மாவும் பன்றி இறைச்சியும் கையில் கிடைத்ததும், அவர் படையிலிருந்த க்ரீக், செமினோல் வீரர்களில் பெரும்பாலோர் அவற்றைச் சுமந்துகொண்டு வீடு திரும்பிவிட்டனர். குடும்பங்கள் அகதிகளாக அலைந்த நிலையில், அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

1865 ஜூன் 23 அன்று, தெற்கின் தளபதிகளுள் கடைசியாக வாட்டி சரணடைந்தார். 1866 ஒப்பந்தத்தில் வாஷிங்டன் அரசு, வடக்குக்காகப் போரிட்ட செரோக்கியரையும் விட்டுவைக்கவில்லை: நிலம் பறிக்கப்பட்டது, ரயில் பாதைகளுக்கு வழிவிட நேர்ந்தது. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு அதே ஒப்பந்தம் வழங்கிய செரோக்கி குடியுரிமையோ நெடுங்காலம் வழக்காகவே நீடித்து, 2017இல்தான் கூட்டரசு நீதிமன்றத்தில் அவர்களின் வழித்தோன்றல்களுக்குச் சாதகமாக முடிந்தது.