ஃபிலிமா, டிஜிட்டலா? முதலில் நெகட்டிவைக் காப்பாற்றுவோம்

அவைத் தலைவர் அவர்களே, விளக்கேற்றிவைத்த மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, அரங்கத்தை வாடகையின்றித் தந்த வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த ஸ்டூடியோ உரிமையாளர்களே, கழுத்தில் கேமராவோடு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: வெளிச்சம், செலவு, ஆயுள்.

கலர் நெகட்டிவில் வெளிச்சம் இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, கூடினாலும் படம் தப்பிவிடும். குறைந்தால் நிழலில் ஒன்றும் பதியாது. டிஜிட்டலில் தலைகீழ். இருட்டாக எடுத்ததை, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலிருந்து ஓரளவு மீட்கலாம். வெளிச்சம் கூடி வெளுத்துப்போன வேட்டியின் மடிப்பை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஆகவே ஒளியை ஃபிலிமுக்கு நிழலான இடத்தில் அளவெடுங்கள், டிஜிட்டலுக்கு வெளிச்சமான இடத்தில்.

செலவைப் பேசினால் வீட்டில் சண்டை வரும். அதை விட்டுவிடுவோம்.

இனி ஆயுள். ஃபிலிமுக்கு எமன் யார் தெரியுமா? ஃபிலிம் விற்ற கோடக்கேதான்! 1975-இல் அந்த நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் ஒரு பெட்டியைச் செய்தார். எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. நீளத்தில் நூறு, அகலத்தில் நூறு, மொத்தமே பத்தாயிரம் புள்ளிகள், அதுவும் கருப்பு வெள்ளை. பாட்டுக் கேட்போமே கேசட், அதில்தான் படம் பதியும். ஒரு படம் பதிய எவ்வளவு நேரம்? 23 விநாடி! (சிரிப்பு) சிரிக்காதீர்கள் ஐயா, இன்று உங்கள் பையில் இருப்பது அதன் பேரன். டிவியில் போட்டுக் காட்டினார், மேலிடத்துக்கு ருசிக்கவில்லை. 2012 ஜனவரியில் அதே கோடக் திவால் மனுவோடு நீதிமன்றத்தில் நின்றது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?

நம் ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் மூடியாயிற்று. அந்த ஃபிலிமில் எடுத்த கல்யாணங்கள் எங்கே? ஸ்டூடியோ மூடும்போது நெகட்டிவ்கள் மூட்டையாக எடைக்குப் போகின்றன, அதிலுள்ள வெள்ளிக்காக!

அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதுதான். அந்த அமிலமே சிதைவை விரைவுபடுத்தும், பக்கத்து ஃபிலிமையும் பிடிக்கும். பிறகு ஃபிலிம் சுருங்கும், படம் பதிந்த பூச்சான எமல்ஷன் உரியும். வாடை வந்ததைத் தனியே பிரித்து முதலில் படியெடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் அல்லது அமிலமற்ற காகித உறை போதும். பரண் கூடவே கூடாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

படியெடுக்க டிஜிட்டல் கேமராதான் வேண்டும். இரண்டும் சண்டை போட வேண்டிய கட்சிகளே அல்ல. மிக அருகில் எடுக்க மேக்ரோ லென்ஸ், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் காப்பி ஸ்டாண்டு, ஃபிலிமுக்கு அடியில் வைக்க, நிறங்களைச் சரியாகக் காட்டும் எல்இடி விளக்குப் பலகை, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம். ஃபிலிம் இருக்குமிடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவே தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. ப்ளோயரால் தூசியை ஊதி, அறை விளக்கை அணைத்து, மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்க வைத்து, கேமராவில் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, கோப்பு ரா என்று வைத்து எடுங்கள். படம் இடவலம் மாறி வரும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம். கலர் நெகட்டிவின் ஆரஞ்சுச் சாயலுக்கு, படம் பதியாத ஓரத்தில் ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறச் சமன், எடுங்கள். படியெடுத்த பின்னும் நெகட்டிவை வீசாதீர்கள். ஹார்ட் டிஸ்க் எப்போது படுக்கும் என்று அது சொல்லாது.

நூலக அலுவலர் அவர்களே, இத்தனையும் ஒரு மேசையில் அடங்கும். அந்த மேசையை மாவட்ட மைய நூலகத்தில் போட்டுத் தாருங்கள். இயக்கக் கற்றுக்கொடுக்க எங்கள் ஆட்கள் வருவார்கள். மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.