ஜூன் 10: பஞ்சாபின் தண்ணீர்ச் சட்டமும் வயல் தீயும்

அவைத்தலைவர் அவர்களே, வேளாண் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நீரும் நெருப்பும் பயிரையும் நிலத்தையும் ஊரையும் என்ன செய்கின்றன என்று பேசுமாறு என்னைப் பணித்தார்கள். வெள்ளம் அழுகவைக்கும், தீ கருக்கும் என்று சொல்லிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். அதைக் கேட்க நீங்கள் வயலை விட்டு வந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீரைக் காப்பாற்றப் போட்ட ஒரு சட்டம், தீ வைக்கும் நாளைத் தள்ளிவைத்து அதன் புகையைப் பல கோடிப் பேரின் மூச்சில் கலந்த வரலாற்றை மட்டும் இன்று சொல்கிறேன். நடந்த இடம் பஞ்சாப்.

ஐந்து ஆறுகளைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் அந்த நாட்டில் நெல் பழைய பயிர் அன்று. 1960-61ஆம் ஆண்டில் அங்கே நெல் விளைந்த நிலம் சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. ரொட்டி உண்ணும் மக்கள் தங்களுக்காக இந்த நெல்லை விளைவிக்கவில்லை. அரசு உறுதியான விலை தந்து கொள்முதல் செய்தது, ஆழ்துளைக் கிணற்றுக்கு இலவச மின்சாரமும் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்த பிறகு வேறு பயிரை நாடுவது நட்டத்தைத் தேடிப் போவதாகவே உழவருக்குப் பட்டது. அவரிடம் நான் குறை காணமாட்டேன். ஆனால் நிலத்தடியில் ஊறுவது 100 பங்கு என்றால் அங்கே இறைப்பது 150 பங்குக்கும் மேல் என்பதையும், நான்கில் மூன்று வட்டாரங்கள் வரம்பு மீறி நீர் எடுப்பவையாக வகைப்படுத்தப்பட்டுள்ளன என்பதையும் மறைக்கவும் முடியாது.

மழைக்காலத்துக்கு வெகுமுன்னே, மே மாத வெயிலில் நாற்று நடும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. நாற்பது டிகிரிக்கு மேல் காயும் காற்றில் தேங்கி நிற்கும் நீர் எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைத் தடுக்க 2008இல் ஓர் அவசரச் சட்டமும், 2009இல் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. மே 10க்கு முன் நாற்றங்காலில் விதைக்கக் கூடாது, ஜூன் 10க்கு முன் நடவு செய்யக் கூடாது, மீறினால் நட்ட பயிரை உழவரின் செலவிலேயே அழிக்கலாம் என்றது சட்டம். 2018இல் நடவு நாள் ஜூன் 20 வரைகூடத் தள்ளிப்போனது. தண்ணீர்க் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் இது நியாயமான சட்டம்; நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் கையொப்பம் இட்டிருப்பேன்.

நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும் அல்லவா? பஞ்சாப் உழவர் பெரிதும் விரும்பிய பூசா 44 என்னும் நெல், விதைத்து அறுக்க ஏறத்தாழ 155 நாளுக்கு மேல் எடுப்பது. அது களத்துக்கு வருவதற்குள் அக்டோபர் முடிந்துவிடும். நவம்பர் முதல் பாதிக்குள் கோதுமை மண்ணில் விழுந்தாக வேண்டும், இல்லையென்றால் மார்ச் வெயிலில் மணி சுருங்கும். இரண்டுக்கும் இடையில் இருப்பது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரமோ கதிரை மட்டும் கொய்துகொண்டு, நின்ற தாளையும் சிதறிய வைக்கோலையும் வயலிலேயே விட்டுச் செல்கிறது. ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டன் வைக்கோல்! இங்கே தஞ்சைப் பக்கத்தில் வைக்கோல் என்றால் மாட்டுக்குத் தீனி. கட்டுக்கட்டாக லாரியேறிக் கேரளம் வரை போகிற பண்டம். அங்கே மாடு தின்பது கோதுமை வைக்கோலை. சிலிக்கா என்னும் மணற்சத்து மிகுந்த நெல் வைக்கோலை அவர்கள் விரும்பிப் போடுவதில்லை. வாங்க ஆளில்லாத பொருளை, பதினைந்து நாளுக்குள் நிலத்திலிருந்து அகற்ற, தீப்பெட்டியைவிட மலிவான கருவி உண்டா?

சட்டம்தான் தீயைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகைக்கூற்று. இயந்திர அறுவடை பரவிய நாளிலிருந்தே வைக்கோலை எரித்துத்தான் வந்தார்கள். முன்பு பல வாரங்களில் பரவலாக எரிந்தது, சட்டத்துக்குப் பின் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் ஒருசேர எரியத் தொடங்கியது. பருவமழை விடைபெற்று, காற்று வடமேற்கிலிருந்து மெல்ல நகர்ந்து, குளிர்ந்த காற்று தரையோடு படியும் காலமும் அதுவே. டெல்லியின் வாகனப் புகையோடும் ஆலைப் புகையோடும் வயல் புகை சேர்ந்து, மேலெழும்ப வழியின்றி நகரின் மேல் நிற்கிறது. ஆனால் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது டெல்லிக் குழந்தை அன்று, வரப்பில் நிற்கும் உழவரின் குழந்தை.

மண்ணுக்கு ஆகும் சேதம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு டன் வைக்கோலை எரித்தால் சுமார் ஐந்தரைக் கிலோ தழைச்சத்தும் 400 கிலோ கரிமமும் போய்விடுகின்றன என்று வேளாண் அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் வெந்து மடிகின்றன. பறக்கவிட்ட தழைச்சத்தைப் பிறகு யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்பதற்குத் தடை விதித்தது. 2019 நவம்பரில், எரிக்காத சிறு குறு உழவருக்குக் குவிண்டால் நெல்லுக்கு 100 ரூபாய் தருமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. உழவர்மீது வழக்குகளும் பாய்ந்தன. தாளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே கோதுமையை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ இயந்திரம் உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் ஆண்டில் இரண்டு மூன்று வாரம் மட்டும் ஓடும் ஒன்றுக்காகச் சிறு உழவர் கடன் படுவாரா?

இந்தக் கணக்கில் வெள்ளத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. 2025 ஆகஸ்டில் சட்லெஜ், பியாஸ், ராவி ஆறுகள் கரை மீற, மாநிலத்தின் 23 மாவட்டங்களும் வெள்ளம் பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நீர் வடிந்தபின் பல வயல்களில் மணல் மேடிட்டுக் கிடந்தது. ‘எவர் வயலோ அவருக்கே மணல்’ என்ற பொருளில் அரசு ஒரு திட்டம் அறிவித்து, மணலை அள்ளி விற்க உழவருக்கு அனுமதி தந்தது. நிலத்தடியில் நீர் வற்றிய அதே மண்ணில், மேலே வந்த வெள்ளம் நெல்லைப் புதைத்துவிட்டுப் போயிருந்தது.

எனக்கு நம்பிக்கை தருவது நாளைக் குறைக்கும் வழிதான். லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர். 126 ரகம் விதைத்த 123 நாளில் முற்றிவிடும். நீரும் குறையும், கோதுமைக்கு முன் இடைவெளியும் கூடும். ஒரே விதையில் தண்ணீர்க் கணக்கும் தீக் கணக்கும் நேராகின்றன. ஆனால் 2024இல் அந்த நெல்லை அரைக்க ஆலைக்காரர்கள் தயங்கினார்கள். குவிண்டால் நெல்லுக்கு அரசு கேட்கும் 67 கிலோ அரிசி இதில் தேறாது என்பது அவர்கள் முறையீடு. நல்ல விதை, ஆலை வாசலில் காத்து நின்றது.

அதற்கு அடுத்த ஆண்டு, அக்டோபர் கொள்முதலின்போது நெல்லில் ஈரப்பதம் மிகுந்து உழவர் அலைக்கழிவதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லி, பஞ்சாப் அரசு மாநிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, நடவை ஜூன் 1ஆம் தேதியிலேயே தொடங்க அனுமதித்தது. ஜூன் 10க்குப் பதில் ஜூன் 1இல் நட்டால் அறுவடைக்குப் பின் ஒன்பது நாள் கூடுதலாகக் கிடைக்கும்; ஆனால் அந்த ஒன்பது நாளுக்கான தண்ணீர், மழை வருமுன் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் மேலே வர வேண்டும்.