பரிசப் பணம் வீண்

நேயர்களுக்கு வணக்கம். இக்போ பழமொழிகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மைக் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் ஒரு சிக்கல் உறைத்தது. இக்போ மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: ஒருவனுக்குப் பழமொழி சொல்லி, அதற்கு அர்த்தமும் சொல்ல வேண்டி வந்தால், அவனுடைய தாய்க்குக் கொடுத்த பரிசப் பணம் வீண். இன்று நான் செய்யப்போவது அதைத்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

நைஜீரியாவின் தென்கிழக்கில் எனுகு, அனம்ப்ரா, இமோ, அபியா, எபோன்யி மாநிலங்களில் பெரும்பான்மையினர் இக்போ மக்களே. பழமொழிக்கு அவர்கள் மொழியில் 'இலு' என்று பெயர். சொல்லைத் தொட்டுச் சாப்பிடும் செம்பனை எண்ணெய்தான் இலு என்பார்கள். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-இல் வெளிவந்த தன் முதல் நாவலில் இதை எழுத, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

நம் ரேஷன் கடைப் பாமாயிலை நினைத்துக்கொண்டால் இது பிடிபடாது. அங்கே எண்ணெய் செக்கச்சிவப்பு. கெட்டியாக இருக்கும், தனி வாசனை. பெருவள்ளிக் கிழங்கைத் தணலில் சுட்டு, கருகிய தோலைச் சுரண்டிவிட்டு, உப்பும் மிளகாயும் சேர்த்த அந்த எண்ணெயில் தொட்டுத் தின்பார்கள். வெறும் கிழங்கு நெஞ்சை அடைக்கும். சில பேச்சும் அப்படித்தானே? வேலை நாளில், உச்சி வெயிலில், வியர்த்துக் கொட்ட வாசலில் வந்து நிற்கிறார் ஒரு உறவுக்காரர். 'என்ன, பணம் வேணுமா?' என்றா கேட்பது? 'தேரை பகலில் சும்மா ஓடாது' என்றால் போதும். வந்தவர் சிரித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

இலு அதிகம் புழங்கும் இடம் கோலாக் கொட்டை வைக்கும் சடங்கு. விருந்தாளி வந்ததும் தட்டில் கோலா வரும். 'கோலா கொண்டு வந்தவன் உயிரைக் கொண்டு வந்தான்' என்பார்கள். பெரியவர் கையில் எடுத்து வேண்டிக்கொள்வார், அதுவும் இக்போ மொழியில்தான். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாதாம்! அந்த வேண்டுதலில் தவறாமல் வருவது இது: 'பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும். ஒன்று மற்றதை அமராதே என்றால், அதன் சிறகு ஒடியட்டும்.'

சாபம் எதற்கு என்று சிலர் இப்போது கடைசி வரியை மாற்றி, 'வேறெங்கே அமர்வது என்று அது காட்டட்டும்' என்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் எனக்குப் பழைய வரியே பிடிக்கிறது. இடம் காட்டுகிற பறவை மரத்துக்கே சொந்தக்காரன் மாதிரி ஆகிவிடுகிறதே. பழைய வரியில் கிளை இரண்டுக்கும் பொது.

சரி, வேண்டுதல் முடிந்ததும் கொட்டையை உடைத்து எத்தனை பருப்பு என்று எண்ணுவார்கள். நான்கு இருந்தால் எக்கே, ஓரியே, அஃபோ, இன்க்வோ என்று இக்போ வாரத்தில் வரும் நான்கு சந்தை நாட்களின் கணக்கு. கூடியிருப்பவர்கள் முகம் மலரும். அப்புறம் துண்டுகள் கை மாறும். வாயில் போட்டால் நல்ல கசப்பு.