3,500 ரேண்டுக்கு மேலே சம்பளமா? உங்களுக்கும் ஒரு வீட்டு மானியம் இருக்கிறது

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்குச் சமையல் இல்லை, கோயில் திருவிழா இல்லை. பக்கத்து வீட்டுப் பின்கட்டில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை தெரிகிறது பாருங்கள், அதைத்தான் இங்கே அவுட்பில்டிங் என்கிறோம். அதில் ஒரு அக்கா, அவர் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். கேமராவை உள்ளே கொண்டுபோக மாட்டேன், வாயால் சொல்கிறேன்.

கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் கொடுத்து உயர்த்தியிருக்கிறார்கள். அடியில் அரிசி வாளி, பள்ளிக்கூடப் பைகள், தையல் மிஷின். கட்டிலுக்கும் மின்சார அடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்பி நிற்கலாம், அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டால் முதலில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் கட்டில்மேல் ஏறும், அப்புறம்தான் பிள்ளைகள் ஏறுவார்கள். கழிப்பறை வெளியே, வீட்டுச் சொந்தக்காரர்களோடு பொதுவில்.

போன வாரம் அக்கா என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, ஏழைக்கு ஆர்டிபி வீடு கொடுக்கிறார்கள், பணக்காரனுக்கு பேங்க் கொடுக்கிறது. நாங்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டோமா?" எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் ஆர்டிபி வீடு, அதாவது ஏழைகளுக்கு அரசு இலவசமாகக் கட்டிக் கொடுக்கும் வீடு. 1994இல் புதிய அரசு வந்ததும் தொடங்கிய மானியத் திட்டம் இது. குடும்ப வருமானம் மாதம் 3,500 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். இதற்கு முன்னால் சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது, அரசு மானியம் வாங்கியிருக்கவும் கூடாது. துணையோடு வாழ்கிறவராக இருக்க வேண்டும், அல்லது உங்களை நம்பி யாராவது இருக்க வேண்டும். கிடைத்தால் 40 சதுர மீட்டரில் இரண்டு படுக்கையறை வீடு. எட்டு வருஷத்துக்கு நினைத்தபடி விற்க முடியாது, முதலில் அரசிடம்தான் கொடுக்க வேண்டும். வயதானவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், விடுதலைப் போராட்டத்தில் ஆயுதம் எடுத்தவர்கள் இவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

என் மனதை அரிப்பது அந்த 3,500 என்ற எண். 1994இல் வைத்த உச்ச வரம்பும் அதே 3,500தான். அன்றைக்கு ஒரு ரொட்டி என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? வரம்பு மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 28 ரேண்ட் 79 சென்ட் ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி, மாதம் 22 நாள் என்றால் 5,067 ரேண்ட் வருகிறது. சட்டப்படியான அந்தக் குறைந்தபட்சக் கூலி வாங்குகிற ஒருவர் முழு மாதமும் வேலை செய்தால், ஏழை வீட்டுக்கு அவர் "அதிக வருமானக்காரர்"! கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அக்காவுக்குத் தையல் ஃபேக்டரியில் 5,100, அண்ணனுக்கு வண்டிப் பட்டறையில் 4,300. மொத்தம் 9,400. ஆர்டிபிக்கு முடியாது. வீட்டுக் கடன் வாங்கலாம் என்று போனால், "இந்தத் தொகைக்கு நீங்கள் கேட்கிற வீடு வராது" என்று அனுப்பிவிட்டார்கள். இது வரம்பை இத்தனை வருஷம் தொடாமல் விட்டவர்களின் தவறு, அக்காவின் தவறு இல்லை. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

சரி, இந்த நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என்ன இருக்கிறது? ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் என்று ஒரு மானியம். பழைய பெயர் ஃபிளிஸ்ப், உங்கள் பக்கத்தில் அந்தப் பெயரில் சொன்னால் சீக்கிரம் புரியும். குடும்ப வருமானம் 3,501 முதல் 22,000 ரேண்ட் வரை. முதல் வீடாக இருக்க வேண்டும். மற்ற நிபந்தனை ஏறக்குறைய ஆர்டிபி மாதிரிதான். வருமானம் குறையக் குறைய மானியம் கூடும், 22,000 பக்கம் போகப் போகச் சுருங்கும். ஒரே ஒரு தடவைதான் தருவார்கள். இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். முன்பணமாகப் போடலாம், கடனைக் குறைத்துக்கொள்ளலாம், மனை இருந்தால் வீடு கட்டவும் பயன்படுத்தலாம்.

அக்கா குடும்பத்துக்கு இதை வைத்துப் பார்ப்போம். சம்பளத்தில் 30 சதவீதம் தவணைக்குப் போகும் என்று வையுங்கள், 2,820 ரேண்ட். வட்டி 11 சதவீதம், 20 வருஷம் என்றால் 2,70,000 ரேண்ட் பக்கம் கடன் எழும். இந்தப் பணத்துக்கு இங்கே தனி வீடு வராது, நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் அதன்மேல் மானியமும் சேர்ந்தால் ஒரு சின்ன ஃபிளாட்டைப் போய்ப் பார்க்கிற நிலைமையாவது வரும். வீட்டு விலை 12,10,000 ரேண்டுக்குள் என்றால் பெயர் மாற்ற வரியும் கிடையாது. வக்கீல் செலவு மட்டும் தனியாக வரும்.

முன்பெல்லாம் வங்கி வீட்டுக் கடன் கையில் இருந்தால்தான் இந்த மானியம். 2022இல் இந்த விதியைத் தளர்த்தினார்கள். பிராவிடண்ட் ஃபண்டை ஈடாக வைத்து வாங்கும் கடனும் செல்லும், ஸ்டாக்ஃபெல், அதாவது பலர் கூட்டாகச் சேர்ந்து போடும் சீட்டுச் சேமிப்பும் செல்லும். அக்கா பதினோரு வருஷமாக ஃபேக்டரியில் ஃபண்ட் கட்டுகிறார். இதைச் சொன்னதும் அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே பதினோரு வருஷத்துச் சம்பளச் சீட்டு, வருஷத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட்.

என் ஆயாவிடமும் இப்படி ஒரு டின் இருந்தது. ஆயா பிறந்தது மேகஸின் பாரக்ஸில், டர்பன் நகராட்சியில் வேலை செய்த நம் ஜனங்கள் இருந்த இடம். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் அறுபதுகளில் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். விரும்பி வரவில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் கவுன்சிலுக்குப் பணம் கட்டி, ஒரு ரசீது விடாமல் வைத்திருந்தார். நான் இன்று குடியிருக்கிற வீடு அந்த ரசீதுகளால் வந்தது. அதனால்தான் இந்தத் தாள் சமாசாரம் எனக்கு வெறும் தாள் இல்லை.

ஒரு விஷயத்தைக் கோபமாகத்தான் சொல்லப் போகிறேன். போன வருஷம் ஒரு ஆள் அக்காவிடம் 1,500 ரேண்ட் வாங்கிக்கொண்டு போனான். "அரசு வீட்டு லிஸ்ட்டில் உங்கள் பெயரை மேலே ஏற்றுகிறேன்" என்றானாம். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு வைத்திருந்த பணம். அந்த ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள்: பதிவு செய்யக் காசு கிடையாது. விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. ஐடி நகலில் முத்திரை வாங்கப் போலீஸ் ஸ்டேஷனில் காசு கேட்கமாட்டார்கள், சத்தியக் கடிதத்துக்கும் அப்படித்தான். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வாங்க முடியாது, நல்ல வாடகை வீடு போதும் என்கிறவர்களுக்கு சோஷியல் ஹவுசிங், அதாவது அரசு உதவியோடு குறைந்த வாடகைக்குத் தருகிற வீடு இருக்கிறது. 2008இல் தனிச் சட்டம் போட்டார்கள். வருமானம் 1,850 முதல் 22,000 வரை. அது வாடகைக்கு மட்டும், சொந்தமாகாது.

வாடகையில் இருக்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது. அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவுட்பில்டிங்குக்கும் இது பொருந்தும். இதே பிரிவை வைத்துத்தான் ஐரின் கிரூட்பூம் என்ற அம்மா 2000இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வீட்டுரிமை வழக்கில் ஜெயித்தார், உலகமே அந்தத் தீர்ப்பைப் பேசியது. 2008இல் அவர் இறக்கும்போதும் குடிசையில்தான் இருந்தார். நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. அதனால் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மாதாமாதம் போய்க் கேளுங்கள்.

இப்போது கேமராவைக் கீழே இறக்குகிறேன், மேஜையைப் பாருங்கள். அக்காவின் கோப்பு. இருவர் ஐடி, கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட். அண்ணனின் பட்டறையில் சீட்டு தருவதில்லை, முதலாளியிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறோம், அது மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கிடைத்துவிட்டால் திங்கள் காலை நானும் அக்காவும் விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். ஃபேக்டரியில் ஒரு நாள் லீவு கேட்டுவிட்டார்.