கூட்டம் கலையும் முன் படித்துக் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சி பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். தேர்தலைப் பற்றியா என்று கேட்டேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் என்றார்கள். அப்படிக் கேட்டுவிட்டால் நான் கூட்டத்தைப் பற்றித்தான் பேசுவேன். பொதுக்கூட்டத்தைச் சொல்லவில்லை, ஊராட்சிக் கூட்டத்தைச் சொல்கிறேன். எத்தனை நாளைக்கு முன் சொல்ல வேண்டும், எத்தனை பேர் வர வேண்டும், யார் தலைமை, யார் எழுதுவது, எழுதியதை யார் படிப்பது. கேட்கும்போதே கொட்டாவி வருகிறதா? வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிராம சபை நடக்கும் நாள்களில் ஊர் ஊராகப் பற்றாளராகப் போயிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுக்க ஊராட்சி ஒன்றியத்திலிருந்து அனுப்பப்படுகிற ஆள்தான் பற்றாளர். மேசைக்கு ஓரமாக ஒரு நாற்காலி கிடைக்கும். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஊராட்சியில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று ஊராட்சி மன்றக் கூட்டம். அது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடுவது. இன்னொன்று கிராம சபை. அதற்கு நீங்கள்தான் உறுப்பினர். யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், மனுப் போட வேண்டாம். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் முடிந்தது. இது அதிகாரி தருகிற சலுகை இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. நம் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்கு கூட்டம் வெகுகாலமாக நடந்துவந்தது. 2022இல் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 என்று இரண்டு சேர்ந்து இப்போது ஆறு. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. அதைப் பற்றி இன்று பேச நேரமில்லை.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. உள்ளாட்சி என்று யார் பேசினாலும் உத்திரமேரூர்க் கல்வெட்டில்தான் ஆரம்பிப்பார்கள். பராந்தக சோழன் காலம், குடவோலை, முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு, குடத்தில் ஓலை போட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது. நல்ல கதைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அது ஆளைத் தேர்ந்தெடுக்கிற விதி. கூட்டம் நடத்துகிற விதி வேண்டுமென்றால் தெற்கே வாருங்கள், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மானூர். அங்கே ஒரு பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. மாறஞ்சடையன் காலத்தது, உத்திரமேரூருக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. சபையில் உட்கார நிலத்தில் பங்கு இருக்க வேண்டும், படிப்பு இருக்க வேண்டும், நடத்தை சரியாக இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நம்மைச் சிரிக்க வைக்கிறது. சபையில் எதைச் சொன்னாலும் ‘அன்று, அன்று’, அதாவது ‘இல்லை, இல்லை’ என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கும், அவருக்கு ஒத்து ஊதுபவருக்கும், அப்படி மறித்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம்!

நினைத்துப் பாருங்கள், இதை யாராவது சும்மா எழுதி வைப்பார்களா? அந்த ஊரில் ஓர் ஆள் இருந்திருக்கிறார். வாய்க்கால் வெட்டலாமா என்றால் அன்று. குளத்தைத் தூர்வாரலாமா என்றால் அன்று. பக்கத்தில் இரண்டு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கல்லில் வெட்டிவிட்டார்கள். உங்கள் ஊர்க் கூட்டத்திலும் அவர் இருக்கிறார், இல்லையா? எனக்கு ஒவ்வோர் ஊரிலும் அவரைத் தெரியும்.

தண்டம் கட்டியவர் அதோடு சபையை விட்டுப் போய்விடவில்லை, விதிக்குக் கட்டுப்பட்டு இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பெருமையை ரொம்பவும் ஊதவும் வேண்டாம். மானூர் ஆனாலும் உத்திரமேரூர் ஆனாலும் அவை பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேய ஊர்களின் சபைகள். அந்த மண்ணில் உழுதவருக்கும் அவர் மனைவிக்கும் அங்கே இடம் கிடையாது. இன்றைக்கு இருக்கிற கிராம சபைக்கு அதைத் தாத்தா என்று சொல்வது சரியில்லை. ஆனால் கூட்டம் என்றால் என்னென்ன கோளாறு வரும் என்பதை அவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். உத்திரமேரூரிலும் எனக்குப் பிடித்தது குடவோலை இல்லை, கணக்கு. வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மைத்துனன் எல்லோருக்கும் சேர்த்துத் தடை. இன்றைக்குப் படிவம் 30 என்று ஒரு தாள் இருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவை அதில் எழுதிக் கிராம சபையில் வைக்க வேண்டும். மருமகனுக்குத் தடை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விதிக்கு வருவோம்.

கூட்டம் என்றைக்கு, எங்கே, எத்தனை மணிக்கு, என்ன பொருள் என்று முன்கூட்டியே ஊருக்குத் தெரிய வேண்டும். தண்டோராவோ ஆட்டோவில் மைக்கோ நோட்டீஸோ, ஏதோ ஒன்று. ஊராட்சி அலுவலகத்துக் கதவுக்குள்ளே ஒட்டிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவது அறிவிப்பு ஆகாது.

அடுத்து குறைவெண். கோரம் என்றும் சொல்வார்கள். எண்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ள வேண்டாம், உங்கள் ஊருக்கு எது என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர். 500க்கு மேல் 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கும் மேலே போனால் 300 பேர். இத்தனை பேர் வராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். ஆனால் தள்ளிவைத்த கூட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏன் தெரியுமா? கையெழுத்து நோட்டு நடந்து போகும். டீக்கடைக்குப் போகும், நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போகும், வீட்டு வாசலுக்கும் போகும். மைதானத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், நோட்டில் இருநூறு பேர் இருப்பார்கள்.

பொருள் பட்டியலையும் கவனிக்க வேண்டும். மேலிருந்து வருகிற பொருள்கள் முன்னால் நிற்கும். டெங்கு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு. எல்லாம் வேண்டியவைதான். அதையெல்லாம் வாசித்து முடிக்கும்போது வெயில் ஏறிவிடும், பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மூன்றாவது தெருவில் விளக்கு எரியாததும் சுடுகாட்டுப் பாதையும் ‘இதர பொருள்கள்’ என்று கடைசியில் கிடக்கும். உள்ளூர்ப் பொருளை முதலில் எடுங்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். அதற்கு ஒன்றும் தடை இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், தீர்மானப் புத்தகம். மினிட் புக். இதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன், தப்பாக நினைக்காதீர்கள்.

கூட்டத்தில் நீங்கள் ஒரு மணி நேரம் கத்தலாம், கை தட்டலாம், சண்டை போடலாம். மறுநாள் காலையில் அதில் மிஞ்சுவது புத்தகத்தில் எழுதியது மட்டும்தான். நீங்கள் பேசாததை எழுதியிருந்தாலும் அதுதான் நடந்தது. பேசியதை எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை. அதனால் எழுதி முடித்துப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. நம்மூரில் இது தலைகீழ். கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டு, தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் சாயங்காலம் ஆற அமர எழுதுவார்.

ஒரு கூட்டம் ஞாபகம் வருகிறது. தெற்கத்தி ஊர்தான், பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. ஓடைக்குக் குறுக்கே சிறு பாலம் வேண்டும் என்று கீழத்தெருக்காரர்கள் கேட்டார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். செயலர் ஏதோ எழுதினார். பிறகு புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடுங்கள் என்று வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் போட்டார்கள். ஓர் ஆச்சி, எழுபது வயதிருக்கும், மை டப்பாவில் விரலை வைத்தவர் வைத்தபடியே நின்றுவிட்டார்.

“தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?”

“நீங்க பேசினதுதான் ஆச்சி. பாலம்.”

“படிச்சுக் காட்டுங்க. கேட்டுக்கிட்டு வைக்கேன்.”

செயலர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் படித்தார். ஓடைப் பாலம் பற்றி விவாதிக்கப்பட்டது, ஏகமனதாக ஏற்கப்பட்டது, இவ்வளவுதான் இருந்தது. எந்த ஓடை, எந்த இடம், எவ்வளவு அகலம், எதுவும் இல்லை. ஆச்சி விடவில்லை. “கீழத்தெருன்னு அதுல இருக்கா?” இல்லை. ஊருக்கு மேற்கேயும் ஒரு ஓடை உண்டு. அங்கே யாருடைய தோப்பு இருக்கிறது என்பதும் ஊருக்குத் தெரியும். அப்புறம் விரலை எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வைத்துக் கேட்டார்: “இந்த வெள்ளை எதுக்கு விட்டிருக்கு?”

அரைப் பக்கம் காலியாக இருந்தது. நேயர்களே, அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காலியிடம் தெரிந்தது. அத்தனை பேர் படித்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனோமே, ஒருவருக்கும் தெரியவில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். செயலர் கீழத்தெரு என்று சேர்த்தார், ஓடையின் பெயரைச் சேர்த்தார், அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பம் போட்டார், மீதி வெள்ளையில் மூலைக்கு மூலை கோடு இழுத்தார். அதற்குப் பிறகுதான் கைநாட்டு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் அவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்தார்.

விதிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருப்பதெல்லாம் அந்த ஆச்சி கேட்ட இரண்டே கேள்விகள்தான். என்ன எழுதியிருக்கிறது? ஏன் காலியாக விட்டிருக்கிறது? இரண்டாவது தடவை சொல்கிறேன்: கூட்டம் கலையும் முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏகமனதாக என்று எழுதியிருந்தால், மாற்றுக் கருத்துச் சொன்னவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அதனால் தீர்மானம் கெட்டுப்போகாது.

இத்தனை பாடு ஒரு தாளுக்காகவா என்று கேட்கலாம். 2013இல் ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டலாமா என்று அங்குள்ள கிராம சபைகளைக் கேட்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. வன உரிமைச் சட்டம் அதற்கு வழி விட்டது. பன்னிரண்டு ஊர்களில் கூட்டம் நடந்தது, மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. நம் பக்கத்தில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று அந்த வட்டாரக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. போராட்டம், சட்டமன்றத் தீர்மானம் எல்லாம் அதோடு சேர்ந்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபை சொல்லிவிட்டால் அரசு கேட்டே தீரும் என்று நான் ஆசை காட்டவில்லை, அப்படி எல்லா நேரமும் நடப்பதில்லை. ஆனால் குறைவெண் இல்லாத, தேதி திருத்திய தீர்மானத்தை வக்கீல் ஒரே நிமிடத்தில் தூக்கி எறிந்துவிடுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். நாற்காலியைப் பற்றி நிறையப் பேச வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 2016 முதல் நம் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் மன்றக் கூட்டத்தில் தலைவரின் கணவர் உட்கார்ந்து பேசுவதும், தலைவர் வீட்டிலிருந்து கையெழுத்துப் போடுவதும் இன்னும் இருக்கிறது. மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் அல்லாதவருக்குப் பேச்சும் இல்லை, ஓட்டும் இல்லை, அவர் எவ்வளவு பெரிய கணவராக இருந்தாலும் சரி. 2020இல் கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சமூகத்துப் பெண் தலைவர் ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து நடத்திய கூட்டத்தின் படத்தை நாடே பார்த்தது. தலைமை யார் என்று விதி சொல்கிறது, அவருக்கு நாற்காலி போடு என்று தனியாக எழுத வேண்டியிருக்கும் என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. தீர்மான நகல் வேண்டுமென்றால் ஊராட்சியில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். மனுவில் எந்தத் தேதிக் கூட்டம் என்பதை மறக்காமல் எழுதுங்கள். வருகைப் பதிவேட்டின் நகலையும் அதே மனுவிலேயே கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.